எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே: வால்தம்ஸ்டோ, அன்றும் இன்றும்

கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில், பிளாக்ஹார்ஸ் லேனில் இப்போது பீர் காய்ச்சுகிறார்கள். பழைய தொழிற்கூடங்களின் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே எஃகுத் தொட்டிகளையும் நீள மேசைகளையும் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் கூட்டம் வாசல்வரை நிற்கிறது. சுற்றிலும் புதிய அடுக்குமாடிகள். இதே தெருவில்தான் ஒரு காலத்தில் லண்டன் மாநகரத்துக்கான பஸ்களைச் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்குப் பெரிய தலைவலியாக இருந்தது எஞ்சின் அல்ல. எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எதை வைப்பது என்பதுதான்.

பழைய காரில் பெரிய எஞ்சினை இறக்கி ஹாட் ராட் கட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதே தலைவலி. 1930, 40, 50களின் கார் உடலை எடுத்துக்கொண்டு, அதன் சொந்த எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, எட்டு சிலிண்டர் வி8 ஒன்றைத் திணித்து ஓட்டுவது அவர்கள் பைத்தியம். அமெரிக்காவில் பிறந்த பழக்கம். இங்கிலாந்துக்கு வந்து ஐம்பது, அறுபது ஆண்டுகளாகிவிட்டன. யாரைக் கேட்டாலும் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள்: எத்தனை லிட்டர், எத்தனை குதிரைத்திறன். “கியர்பாக்ஸ் என்ன?” என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தணியும். ஏனென்றால் எஞ்சினைத் தேர்வது ஆசை. கியர்பாக்ஸைத் தேர்வதில் சாலைக்கும் சட்டத்துக்கும் பங்கு உண்டு. வால்தம்ஸ்டோவின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

தொடக்கம் என்பது 1892. ஃபிரெடரிக் பிரெமர் என்ற இருபது வயது இளைஞர், பிளம்பர் வேலையும் கேஸ் குழாய் வேலையும் தெரிந்தவர், வால்தம்ஸ்டோவில் தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு காரைக் கட்டத் தொடங்கினார். 1894 டிசம்பரில் அது சாலையில் ஓடியது. உள்ளெரி எஞ்சின் வைத்துப் பிரிட்டனில் கட்டிய முதல் கார் அதுதான் என்று இந்த ஊர் பெருமைப்பட்டுக்கொள்கிறது. அன்றைய சட்டப்படி இயந்திர வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது; முன்னால் ஒரு ஆள் நடந்து போக வேண்டும். அந்தச் சட்டம் 1896இல்தான் தளர்ந்தது. அப்படிப்பட்ட சாலைக்கு எத்தனை கியர் வேண்டும்! அந்தக் காலத்து ஐரோப்பிய வண்டிகளில் பலவும் தோல் பட்டையாலும் சங்கிலியாலும்தான் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோயின. பட்டையை ஒரு கப்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளினால் அதுவே கியர் மாற்றம். மழை பெய்தால் பட்டை வழுக்கும், அவ்வளவுதான். பிரெமர் தன் காரை 1933இல் வெஸ்ட்ரி ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரெமருக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. குதிரை பஸ்களை ஒழித்துவிட்டு மோட்டார் பஸ்ஸுக்கு மாற லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி துடித்தது. 1908இல் வான்கார்ட் கம்பெனியோடு இணைந்தபோது வால்தம்ஸ்டோ தொழிற்கூடம் அதன் கைக்கு வந்தது. தலைமைப் பொறியாளர் ஃபிராங்க் சேர்ல். கம்பெனியிடம் அப்போது பல கம்பெனிகள் செய்த, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பஸ்கள் குவிந்து கிடந்தன. சேர்ல் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். எதில் எது நன்றாக ஓடுகிறதோ அந்த அமைப்பை எடுத்துக்கொண்டார். 1909இல் அப்படிப் பிறந்தது எக்ஸ் வகை பஸ். போட்டியாளர்கள் அதை டைம்லர்–உல்ஸ்லி–ஸ்ட்ரேக்கர் வண்டி என்று கேலி செய்தார்கள். இன்று ஒரு ஹாட் ராட்காரரிடம் போய் “உங்கள் கார் மூன்று கம்பெனிகளின் கலவை” என்று சொல்லிப் பாருங்கள், பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

1910இல் அடுத்த வடிவம் வந்தது: பி வகை. இதில்தான் கியர்பாக்ஸ் விஷயம் சுவாரசியமாகிறது. அந்நாளில் பெரும்பாலான வண்டிகளில் இருந்தது, ஒரு பல்சக்கரத்தை நகர்த்தி மற்றொன்றோடு மோதவைத்துக் கோர்க்கும் முறை. பிரான்சின் பனார் எ லெவாசோர் கம்பெனி பரப்பிய முறை அது. முரட்டுத்தனமானது, ஆனால் வேலை செய்கிறது என்று லெவாசோரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஓட்டுநருக்குக் கைப்பழக்கம் இல்லையென்றால் பற்கள் கரகரவென்று அரைபடும். நேரான பற்கள் ஓடும்போதே ஊளையிடும். லண்டனில் பஸ்ஸுக்கு உரிமம் கொடுப்பது மாநகரக் காவல்துறை. சத்தம் அதிகம் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே வால்தம்ஸ்டோ பொறியாளர்கள் பல்சக்கரங்களை நேரடியாகக் கோர்க்காமல், அவற்றுக்கிடையே சங்கிலிகளை ஓடவிட்டார்கள். மூன்று வேகச் சங்கிலி கியர்பாக்ஸ். பின் ஆக்சிலிலும் சத்தம் குறைவான வார்ம் கியர். எஞ்சினின் சக்தி சுமார் 30 குதிரைத்திறன்; பஸ்ஸுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 12 மைல். அந்தக் கியர்பாக்ஸைத் தேர்ந்ததில் எஞ்சினின் பலத்தைவிடக் காவல்துறையின் காதுக்கே அதிகப் பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

1911 அக்டோபரில் கம்பெனியின் கடைசிக் குதிரை பஸ் ஓடி முடிந்தது. 1912இல் வால்தம்ஸ்டோ தொழிற்சாலையைத் தனியாகப் பிரித்து ஏஇசி என்ற கம்பெனி ஆக்கினார்கள். முதல் உலகப் போரில் நூற்றுக்கணக்கான பி வகை பஸ்கள் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போய்ப் படைவீரர்களைச் சுமந்தன. 1927 வாக்கில் ஏஇசி மேற்கு லண்டனின் சவுத்தாலுக்குக் குடிபெயர்ந்தது. வால்தம்ஸ்டோவின் பஸ் தயாரிப்பு அத்தோடு முடிந்தது. ஏஇசி 1962இல் லேலண்டோடு இணைந்தது. அசோக் லேலண்ட் பஸ் ஏறிப் பழகிய நம் வாசகருக்கு அது தூரத்து உறவு.

சவுத்தாலில் செய்த ஆர்டி வகை இரட்டை மாடி பஸ்ஸை இலங்கைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். லண்டன் ஓட்டிக் கழித்த ஆர்டி பஸ்களை இலங்கைப் போக்குவரத்துச் சபை நூற்றுக்கணக்கில் வாங்கியது. அதில் இருந்தது வில்சன் முறைக் கியர்பாக்ஸ். அடுத்து என்ன கியர் வேண்டும் என்று ஓட்டுநர் சிறு நெம்புகோலில் முன்கூட்டியே குறித்துவிடுவார். பிறகு மிதியை அழுத்தும் நேரத்தில் கியர் தானே விழும். அரைபடவே அரைபடாது. முதல் டாங்கியை உருவாக்கியவர்களில் ஒருவரான வால்டர் கார்டன் வில்சனின் மூளை அது. பழைய ஆம்ஸ்ட்ராங் சிட்லி கார்களிலிருந்து கழற்றிய இந்த வகைப் பெட்டிகளைப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ரேஸ் கார்கள் சிலவும் மாட்டிக்கொண்டு ஓடின.

இனி ஹாட் ராடுக்கு வருவோம். கிழக்கு லண்டன்காரருக்கு இதில் ஒரு வசதி இருந்தது. தேம்ஸ் கரையில் டேகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலை 1931 முதல் பக்கத்திலேயே இருந்தது. 1953இல் வந்த ஃபோர்டு பாப்புலர், ‘பாப்’ என்று செல்லமாக, பிரிட்டனின் மிக மலிவான கார்களில் ஒன்று. 1172 சிசி எஞ்சின், 30 குதிரைத்திறன், மூன்று கியர். பற்கள் அரைபடாமல் கோர்க்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியரில் கிடையாது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை உடைப்புக் கிடங்குகளில் சல்லிசாகக் கிடைத்தன. உயரமான, நீளம் குறைந்த, கொஞ்சம் அசட்டுத்தனமான உடல், முன்பக்கம் நீள பானெட், தனி சேசிஸ். பெரிய எஞ்சின் ஆசை கொண்ட பையன்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரிட்டிஷ் ஹாட் ராடின் அடையாள முகமே பாப் என்று ஆகிவிட்டது.

அந்தப் பையன்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இது: பாப்பின் எஞ்சின் தந்த முறுக்கு ஐம்பது பவுண்டு-அடிக்கும் குறைவு. ஜாகுவார் ஆறு சிலிண்டரோ ரோவர் வி8ஓ அதைப்போல் பல மடங்கு தரும். பாப்பின் சொந்தக் கியர்பாக்ஸை அதோடு சேர்ப்பது முருங்கைக் கொம்பில் ஊஞ்சல் கட்டுவது போல. ஆகவே எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்ததோ, கியர்பாக்ஸும் அதே காரிலிருந்து வந்தது. தேர்வு என்று ஒன்றும் இல்லை. கிடங்கில் கிடைத்ததுதான் தேர்வு. அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் இதே கதைதான். அங்கே 1939 ஃபோர்டு பெட்டிக்குள் லிங்கன் செஃபிர் பல்சக்கரங்களைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் உடைந்தபோது காடிலாக்–லாசால் காரின் பெட்டியைத் தேடி அலைந்தார்கள்.

உடைவது பற்றிச் சொல்ல லண்டனிலேயே ஒரு உதாரணம் உண்டு. கிளாப்ஹாமில் கார் கட்டிய சிட்னி ஆலார்ட், தன் இலகுவான ஜே2 காரில் 5.4 லிட்டர் காடிலாக் வி8ஐ வைத்து 1950 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். மூன்று வேகக் கியர்பாக்ஸ். பந்தயத்தின் நடுவே கீழ் கியர்கள் போய்விட்டன. டாப் கியர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி மூன்றாவதாக வந்தார்கள். பெரிய எஞ்சினின் குணம் முழுவதும் அந்த ஒரு பந்தயத்தில் இருக்கிறது. கியர்பாக்ஸை உடைக்கிறதும் அதுதான், கியரே இல்லாமல் காரை இழுத்துக்கொண்டு போகிறதும் அதுதான். 1961இல் பிரிட்டனின் முதல் டிராக்ஸ்டரைக் கட்டியவரும் இதே ஆலார்ட்.

இன்னொரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. பால் ஜேம்சன் என்பவர் 27 லிட்டர் ரோல்ஸ்-ராய்ஸ் மீட்டியர் எஞ்சினை, அதாவது ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினிலிருந்து டாங்கிக்காக உருவான பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை, ஒரு கார் சேசிஸில் வைத்தார். அதற்கு ஈடுகொடுக்கும் கியர்பாக்ஸ்? தானியங்கிக் கியர்பாக்ஸ் நிபுணரான ஜான் டாட் என்பவரிடம் போனார். டாட் அதில் மாட்டியது ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமாடிக் 400. பின்பு காரையே வாங்கிக்கொண்டு ‘தி பீஸ்ட்’ ஆக்கினார். 1977 கின்னஸ் புத்தகம் அதை உலகின் மிக சக்திவாய்ந்த சாலைக் கார் என்று ஏற்றது. முன்னால் ரோல்ஸ்-ராய்ஸ் கிரில்லை வைத்ததற்காக அந்தக் கம்பெனி வழக்குப் போட, டாட் கடைசியில் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தார். 2022இல் அங்கே இறந்தார். எனக்கு இதில் பிடித்த விஷயம், கிரில்லுக்காக நீதிமன்றம் போன ரோல்ஸ்-ராய்ஸும் தன் சில்வர் ஷேடோ கார்களில் அதே அமெரிக்க 400 பெட்டியைத்தான் வைத்து விற்றது என்பது. முகத்துக்குத்தான் மானப் பிரச்சினை, வயிற்றுக்குள் இல்லை.

இன்று என்ன மாறியிருக்கிறது? முதலில், கிடங்கில் தேட வேண்டியதில்லை. எந்த எஞ்சினுக்கும் எந்தப் பெட்டியையும் சேர்க்கும் அடாப்டர் தட்டு, பெல் ஹவுசிங், பெடல் எல்லாம் பெட்டியில் வீட்டுக்கு வருகின்றன. ஒரு ஷெவ்ரோலே 5.7 லிட்டர் வி8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தானியங்கியில் மட்டும் மூன்று பிரபலமான தெரிவுகள். 1964 முதல் வந்த 400: மிக உறுதி, ஆனால் பெரியது, பாரமானது, பாப்பின் குறுகிய தரையைப் பெரிதாக வெட்ட வேண்டும். 1969இன் 350: சிறியது, சாலை ஓட்டத்துக்குப் போதுமானது. இரண்டிலும் மூன்று கியர்தான். 1982இல் வந்த 700ஆர்4இல் நான்காவதாக ஓவர்டிரைவ் இருக்கிறது. அதன் விகிதம் 0.70.

இந்த ஓவர்டிரைவ் எதற்கு என்பதற்கு ஒரு கணக்கு. 28 அங்குல டயர், பின் ஆக்சில் விகிதம் 3.5 என்று வைத்துக்கொள்வோம். மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் நேர் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,940 முறை சுற்றும். ஓவர்டிரைவ் போட்டால் 2,060க்குப் பக்கம். பெட்ரோலும் மிச்சம், காதும் மிச்சம். ஆனால் 700ஆர்4இல் கார்புரேட்டரிலிருந்து போகும் கேபிள் ஒன்று உண்டு. அதைச் சரியாக அளவிட்டு மாட்டாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் விரைவில் கருகிவிடும். மலிவாகப் பழைய பெட்டி வாங்கியவர்களில் பலர் பெட்டியைத் திட்டுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் கேபிளுடையது. டார்க் கன்வர்ட்டரையும் எஞ்சினின் கேம்ஷாஃப்டுக்குப் பொருத்தமாக எடுக்க வேண்டும். எண்ணெயைக் குளிர்விக்கத் தனி கூலர் வேண்டும். பாப்பின் மூக்கில் அதற்கு இடம் கண்டுபிடிப்பது தனிக் கலை.

கையால் கியர் போட விரும்புகிறவர்களுக்கு போர்க்-வார்னர் டி5 ஐந்து வேகப் பெட்டி. ஒல்லியானது, இலகுவானது, ஓவர்டிரைவ் உண்டு. முந்நூறு பவுண்டு-அடி அளவுக்குத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் போகிறவர்கள் ஆறு வேக டி56 பக்கம் போகிறார்கள், விலை எகிறுகிறது, கிளட்ச் மிதிக்கத் தொடை வலு வேண்டும்.

இப்படி எல்லாம் கிடைக்கும்போது கை தானாகப் பெரியதையே தேடுகிறது. வால்தம்ஸ்டோவின் சாலையோ வேறு சொல்கிறது. 2014 வாக்கில் தொடங்கிய ‘மினி ஹாலந்து’ திட்டத்தில் பல குடியிருப்புத் தெருக்களை ஊடே போகும் கார்களுக்கு அடைத்துவிட்டார்கள். பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பு 20 மைல். மேலே போட்ட கணக்கின்படி நேர் கியரில் 20 மைல் போனால் எஞ்சின் 840 சுற்றில் உறுமிக்கொண்டு நிற்கும். ஐடிலுக்குக் கொஞ்சம் மேல். முந்நூறு குதிரைத்திறன் கொண்டவர் ஹோ ஸ்ட்ரீட் நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வாழ்கிறார். பி வகை பஸ்ஸுக்கு 12 மைல், இவருக்கு 20. நூற்றுப் பத்து ஆண்டுகளில் கூடியது எட்டு மைல். இங்கே கையால் கியர் மாற்றுவது தவம் செய்வது மாதிரி. தானியங்கிதான் பொருத்தம் என்பது என் தீர்ப்பு. ஓவர்டிரைவ் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்வே ஏறுகிறவருக்கு மட்டும்.

காகிதம் அதைவிடக் கறாரானது. வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ, பெரிதாக மாற்றிய வண்டி தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. அசல் சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்சில்களுக்கு 2, டிரான்ஸ்மிஷனுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2. எஞ்சினுக்கு 1 மட்டுமே. எட்டுப் புள்ளி வேண்டும். எல்லோரும் பெருமை பேசும் எஞ்சினுக்கு அதில் மிகக் குறைந்த மதிப்பு என்பதைக் கவனியுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், ஆக்சில் நான்கையும் மாற்றியவருக்கு சேசிஸும் ஸ்டியரிங்கும் சேர்ந்து ஏழுதான் மிஞ்சும். பழைய எண் போய்விடும், ‘கியூ’ எழுத்துப் பலகை வரும். அசல் கியர்பாக்ஸை வைத்திருந்தால் ஒன்பது, தப்பித்தார். ஆனால் வி8க்கு முன்னால் அசல் கியர்பாக்ஸ் தாங்காதே! இந்த முடிச்சில் எத்தனையோ கார்கள் பாதியில் நின்றன. 2025 ஆகஸ்ட் 26 முதல் விதி தளர்ந்திருக்கிறது. பெரிய மாற்றம் செய்த வண்டிகளும் எலெக்ட்ரிக்குக்கு மாற்றிய வண்டிகளும் டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துவிட்டுத் தம் எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

எம்ஓடி என்ற ஆண்டு வாகனச் சோதனை வேறு கணக்கு. 2018 மே முதல் நாற்பது வயது கடந்த வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாற்றப்பட்டிருந்தால் இல்லை. நாலு சிலிண்டர் வண்டியில் எட்டு சிலிண்டர் வைத்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கில் விழும். கியர்பாக்ஸை மட்டும் மாற்றினால் அவ்வளவு கேள்வி வராது. 2021 அக்டோபரில் வால்தம்ஸ்டோவும் உலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டது: தூய்மை அளவை எட்டாத கார் ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. வரலாற்று வாகனமாக வரி வகுப்பில் பதிவான, நாற்பது வயதான வண்டிக்கு விலக்கு உண்டு. அதனால்தான் பழைய எண்ணைக் காப்பாற்றுவது பணக் கணக்காகவும் ஆகிவிட்டது.

ஹாட் ராடுக்குள்ளேயே எலெக்ட்ரிக் மோட்டார் வைக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். அங்கே பெரும்பாலும் கியர்பாக்ஸ் என்ற கேள்வி இல்லை; ஒரே வேகக் குறைப்புப் பல்சக்கரம், ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவில். லண்டனுக்கு இது முழுக்கப் புதிதும் அல்ல. கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடிய டிராலிபஸ்கள் 1962 வரை கியரே இல்லாமல்தான் லண்டன் தெருக்களில் ஓடின. எலெக்ட்ரிக் ஹாட் ராடை ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் மௌனமான இழுவையைப் புகழ்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய காரைத் தேடி எடுத்ததே அதன் சத்தத்துக்காகத்தானே?

வி8 ஆசை பிடித்து, பாப் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவருக்கு ஒன்று சொல்வேன். எஞ்சினைத் தொடுமுன் வண்டியின் வி5சி பதிவுப் புத்தகத்தை எடுத்து சேசிஸ் எண்ணைச் சரிபாருங்கள். பிறகு கியர்பாக்ஸைத் தீர்மானியுங்கள், தரையில் எங்கே வெட்ட வேண்டியிருக்கும் என்று அளந்து பாருங்கள், வெட்டுமுன் படம் எடுத்து வையுங்கள், ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எஞ்சினை அதற்குப் பிறகு வாங்கலாம், 5.7 லிட்டர் ஷெவ்ரோலே வி8 சந்தையில் தீர்ந்துபோகும் சரக்கு அல்ல.